புதுசா ஆப் நெறைய போடாம, கையில இருக்கற போனை வச்சு கடை வேலையும் வீட்டு வேலையும் எப்படி சுளுவாக்கறது?

கேள்வி கேட்ட அண்ணன் எழுதியிருந்தது சுருக்கமா இதுதான்: சின்ன டவுன்ல மளிகைக்கடை, வயசு ஐம்பது தாண்டியாச்சு, பையன் நல்ல ஆண்ட்ராய்டு போன் ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கான், ஆனா வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே இந்த மூணுக்கு மேல அதுல ஒண்ணும் பண்றதில்ல, தினசரி வேலைக்கு உருப்படியா என்ன பண்ணலாம், எந்தெந்த ஆப் போடணும், போன் சூடாகுது, ஸ்லோவா இருக்கு, கிளீனர் ஏதாவது போடலாமா.

கிளீனர்லருந்தே ஆரம்பிக்கறேன். போடாதீங்க அண்ணே. ராம் கிளீனர், பேட்டரி சேவர், கூலர்னு பிளே ஸ்டோர்ல கெடக்கறது எல்லாமே விளம்பரம் காட்டி சம்பாதிக்க வந்தது. பின்னாடி ஓடற ஆப்ப எப்ப நிறுத்தணும்னு ஆண்ட்ராய்டுக்கே தெரியும், இவன் வலுக்கட்டாயமா நிறுத்துவான், அது திரும்ப எந்திரிக்கும், அதுக்கு சார்ஜ் இன்னும் கூடத்தான் செலவாகும். சூடாகறதுக்கு காரணம் பெரும்பாலும் வேற: கல்லாப்பெட்டி மேல வெயில் படற எடத்துல வைக்கறது, தடி கவர் போட்டுக்கிட்டே சார்ஜ் ஏத்தறது, சார்ஜ்ல இருக்கும்போதே வீடியோ ஓட விடறது. லித்தியம் பேட்டரிக்கு சூடுதான் எமன். செட்டிங்ஸ்ல பேட்டரிக்குள்ள போனா இப்ப வர்ற போன் நெறையதுல 80 சதவீதத்தோட சார்ஜ நிறுத்தற ஆப்ஷன் இருக்கு, நாள் பூரா கடைல சார்ஜர் பக்கத்துலயே இருக்கற ஆளு நீங்க, அத ஆன் பண்ணி விட்டுருங்க.

ஸ்லோவுக்கு காரணம் பெரும்பாலும் வாட்ஸ்அப். 2018லயே செய்தியா வந்துச்சு, இந்தியாவுல ஏன் இத்தன போன் எடமில்லாம உறைஞ்சு போகுதுன்னு கூகுள்காரங்க தோண்டிப் பாத்தா, தெனம் காலைல வர்ற குட்மார்னிங் படம்தான் காரணம்னு கண்டுபிடிச்சு, அத மட்டும் தேடி அழிக்கறதுக்குன்னே அவங்க ஃபைல்ஸ் ஆப்ல ஒரு வசதி வச்சாங்க. நீங்க வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ்ங்கற எடத்துக்குப் போங்க, எந்த குரூப் எவ்வளவு எடம் புடிச்சிருக்குன்னு பெருசுல இருந்து வரிசையா காட்டும், பாத்தாலே தெரியும், சொந்தக்காரங்க குரூப் ரெண்டுதான் மேல நிக்கும். அங்கயே செலக்ட் பண்ணி அழிக்கலாம். அப்புறம் அந்த குரூப்புக்குள்ள போயி மீடியா விசிபிலிட்டிய நோ குடுத்துட்டா அந்தப் படமெல்லாம் கேலரில வந்து விழாது. கேலரி சுத்தமா இருக்கறது எதுக்கு முக்கியம்னு கேமரா பத்தி சொல்லும்போது புரியும்.

இப்ப ஆப் லிஸ்ட்டுக்கு வர்றேன், அத நான் குடுக்கப்போறதில்ல. போன் விக்கற, ரிப்பேர் பாக்கற கடைதான் என் பொழப்பு, தெனம் பாக்கறத வச்சு சொல்றேன், யாராவது பத்து ஆப் சொன்னா ஆர்வத்துல பத்தையும் போடறாங்க, ஒவ்வொண்ணும் நம்பர் கேக்குது ஓடிபி கேக்குது லொக்கேஷன் கேக்குது, எல்லாத்துக்கும் அலோ அலோன்னு குடுத்துட்டு அப்புறம் அது அனுப்பற நோட்டிபிகேஷன தள்ளி விடறதே ஒரு வேலையாப் போகுது. உங்க வயசு ஆளுங்களுக்கு போன் உபயோகப்படாம போறதுக்கு ஆப் இல்லாதது காரணம் இல்ல. டைப் பண்றதுதான் காரணம். சின்ன கீபோர்டுல தமிழ் எழுத்த ஒண்ணொண்ணா தேடி அமுக்கற கடுப்புல "அட, போனே போட்டு சொல்லிருவோம்"னு விட்டுடறீங்க. ஆனா அதே போன்ல மைக் இருக்கு, கேமரா இருக்கு, டைப் பண்ற வேலைல முக்காவாசிய இது ரெண்டும் வாங்கிக்கும்.

மைக்க மொதல்ல பாப்போம். தமிழ்ல பேசினா எழுத்தா வர்ற வசதிய கூகுள் 2017ல குடுத்துச்சு, இன்னிக்கும் என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு அது தெரியாது. உங்க போன்ல கீபோர்டு ஜிபோர்டா, அதாவது கூகுளோட கீபோர்டா, இருக்கணும், பெரும்பாலும் அதான் இருக்கும். அதோட செட்டிங்ஸ்ல லாங்குவேஜஸ்ல போயி தமிழ் இந்தியாவ சேத்துருங்க. சேத்துட்டா ஸ்பேஸ் பாரை அமுக்கிப் புடிச்சா தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் மாத்திக்கலாம், மேல வலது ஓரத்துல ஒரு மைக் படம் இருக்கும், தமிழ்ல நிக்கும்போது அத தட்டிட்டுப் பேசுங்க. மொத்தக் கடைக்கு சரக்கு ஆர்டர் போடணும்னு வைங்க, "துவரம்பருப்பு 25 கிலோ"ன்னு சொல்லுங்க, எழுத்தா வந்துரும், என்டர தட்டுங்க, "உளுந்து 10 கிலோ", என்டர், "கடலை எண்ணெய் ஒரு டின்", என்டர். லிஸ்ட்டு முடிஞ்சுது. சரக்கு எடுத்துப் போடற பையனுக்கு உங்க கையெழுத்து புரியலங்கற பேச்சே வராது, அவன் ஒண்ணொண்ணா டிக் அடிச்சு திருப்பி அனுப்பலாம்.

சொல்லும்போது ரெண்டு விஷயம் கவனிங்க. ஒரு வார்த்தை சொல்லி, நிறுத்தி, ஸ்கிரீனப் பாத்து, அடுத்த வார்த்தை சொல்றதுன்னு பண்ணாதீங்க, தொடர்ந்தாப்ல பேசினாத்தான் அது முன்ன பின்ன வார்த்தைய வச்சு சரியா புடிக்கும். இன்னொண்ணு, சோப்பு பேரு பிஸ்கட் பேரு மாதிரி கம்பெனி பேரெல்லாம் சமயத்துல கன்னாபின்னான்னு எழுதும், நம்பரும் தப்பா விழ வாய்ப்பு இருக்கு, அதனால அனுப்பறதுக்கு முன்னாடி அளவ மட்டுமாவது ஒரு தடவ கண்ணால ஓட்டிப் பாருங்க. 25 கிலோங்கறது 125னு போச்சுன்னா எறக்கி வைக்க எடம் இருக்காது.

யாருக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கு நானே குறிச்சு வைக்கணும்னா வாட்ஸ்அப்ல உங்க நம்பருக்கே நீங்க மெசேஜ் போட்டுக்கலாம், 2022 கடைசில வந்த வசதி அது. நியூ சாட் தட்டினா மேல உங்க பேரே இருக்கும். அந்த சாட்ட மேல பின் பண்ணி வச்சுட்டீங்கன்னா அதுதான் உங்க குறிப்பு நோட்டு. யாரு கடன் சொல்லிட்டுப் போனா, எந்த சரக்கு தீந்து போச்சு, எல்லாம் மைக்ல சொல்லிப் போட்டுக்கிட்டே வாங்க, ராத்திரி கடை கட்டும்போது ஒரு வாட்டி மேல இருந்து கீழ பாத்தா போதும்.

அதே கீபோர்டுல இன்னொரு வித்தை. கடை அட்ரஸ், ஜிஎஸ்டி நம்பர், பேங்க் அக்கவுண்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி கோடு, இதெல்லாம் யாராவது கேட்டா ஒவ்வொரு தடவையும் தேடி அடிக்கறீங்கல்ல. ஜிபோர்டு செட்டிங்ஸ்ல டிக்‌ஷனரி, அதுக்குள்ள பர்சனல் டிக்‌ஷனரி, அதுல முழு அட்ரஸையும் போட்டு ஷார்ட்கட்னு கேக்கற எடத்துல "கடை"ன்னு போட்டு வைங்க. இனிமே எங்க "கடை"ன்னு அடிச்சாலும் மேல பட்டைல முழு அட்ரஸும் வந்து நிக்கும், தட்டினா விழுந்துரும். பாஸ்வேர்டு, பின் நம்பர் எதையும் இதுல போடக்கூடாது, அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். எழுதினதுல நடுவுல ஒரு எழுத்த மாத்தணும்னா விரலால குத்திக் குத்திப் பாக்காதீங்க, ஸ்பேஸ் பார் மேல விரல வச்சு இடமும் வலமும் இழுத்தா கர்சர் கூடவே நகரும். என் கடைல யாருக்கு இத காமிச்சாலும் ஒரு நிமிஷம் வாயப் பொளந்துட்டு நிக்கறாங்க.

கேமரா. எல்லாரும் அத போட்டோ எடுக்கற சாமானாவே பாக்கறாங்க, உங்களுக்கு அது ரெண்டாவது கண்ணு. பாக்கெட் பின்னாடி காலாவதி தேதிய புள்ளி புள்ளியா மங்கலா அடிச்சிருப்பான், கண்ணாடி போட்டாலும் தெரியாது. கேமராவ தொறந்து கிட்ட காட்டி ரெண்டு விரலால பெருசாக்குங்க, அவ்வளவுதான். இதே வேலைய அடிக்கடி பண்றீங்கன்னா செட்டிங்ஸ்ல ஆக்சஸபிலிட்டில மேக்னிபிகேஷன்னு இருக்கு, ஆன் பண்ணிட்டா எந்த ஸ்கிரீனையும் எந்த எழுத்தையும் பெருசு பண்ணிப் படிக்கலாம். மெசேஜ்ல எழுத்து சின்னதா இருக்குன்னு யாரும் இனிமே பக்கத்துல நிக்கற பையன கூப்புட வேண்டியதில்ல.

பில்லு விஷயம் இன்னும் முக்கியம். இப்ப வர்ற பில்லு பாதிக்கு மேல சூட்டுல பிரிண்ட் ஆகற பளபளப்புக் காகிதம், அதுல மை கெடையாது, வெயில்லயோ பர்ஸுக்குள்ளயோ கொஞ்ச நாள் கெடந்தா வெள்ளைக் காகிதமா ஆயிரும். ஃப்ரிட்ஜு கம்ப்ரசர் போயி வாரண்டி கேக்கப் போகும்போது கையில இருக்கறது வெறும் துண்டு. அதனால எத வாங்கினாலும் கடைய விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே பில்ல ஒரு போட்டோ எடுத்துருங்க, ஃப்ரிட்ஜு பின்னாடி ஒட்டியிருக்கற சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் ஒண்ணு எடுத்துருங்க, அத செவுத்தோரம் ஒட்டி நிறுத்தினதுக்கு அப்புறம் எட்டிப் பாக்க முடியாது. கூகுள் போட்டோஸ் படத்துக்குள்ள இருக்கற எழுத்தையும் படிக்கும், பேக்கப் ஆன்ல இருந்தா சர்ச்ல கம்பெனி பேர இங்கிலீஷ்ல அடிங்க, அந்த பேரு இருக்கற பில்ல எடுத்துக் காட்டிரும். கேலரி சுத்தமா இருக்கணும்னு மேல சொன்னது இதுக்குத்தான், நூத்துக்கணக்குல பூ படமும் தேங்காய் படமும் இருந்தா உங்க பில்லு அதுக்குள்ள தொலைஞ்சு போகும்.

படத்துல இருக்கற எழுத்த எடுத்துக் குடுக்கற கூகுள் லென்ஸ தனியா ஒண்ணும் போட வேண்டாம், போட்டோவ தொறந்தா கீழயே இருக்கும். பாஸ்புக் போட்டோவுல அக்கவுண்ட் நம்பர் மேல அமுக்கிப் புடிச்சா எழுத்தா மாறிரும், காப்பி பண்ணி எங்க வேணா ஒட்டலாம். காப்பி பண்ணினாலும் நம்பர ஒரு தடவ சரிபாருங்க, 8ம் 3ம் சமயத்துல குழம்பும். வடக்க இருந்து வர்ற சரக்கு மூட்டைல இந்தில ஏதோ எழுதியிருக்கா, லென்ஸ்ல டிரான்ஸ்லேட்ட தட்டிட்டு கேமராவ காட்டுங்க, அந்த எழுத்து இருக்கற எடத்துலயே தமிழ்ல காட்டும். மொழிபெயர்ப்பு கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும், ஆனா உள்ள இருக்கறது கொண்டைக்கடலையா பட்டாணியான்னு தெரிஞ்சுக்க அது போதும். ஆதார், ரேஷன் கார்டு, வாடகை அக்ரிமெண்ட் மாதிரி யாருக்காவது அனுப்பணும்னா போட்டோவா அனுப்பாதீங்க, கூகுள் டிரைவ்ல ஸ்கேன்னு இருக்கு, ஓரத்த வெட்டி நேராக்கி பிடிஎஃப்பா குடுக்கும், ஜெராக்ஸ் கடைல "மெயில் பண்ணுங்க"ன்னு நின்னு காத்துக்கெடக்க வேண்டாம்.

ஆப் போடாதீங்கன்னு சொன்னேன்ல, அதுக்கு ரெண்டு மூணு விதிவிலக்கு இருக்கு, கடைக்கு மொதல்ல வாட்ஸ்அப் பிசினஸ். காசு கெடையாது. கடை நேரம், லொக்கேஷன், சரக்குப் படம் விலையோட எல்லாம் அதுல வைக்கலாம், ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தர் மெசேஜ் போட்டா "கடை காலைல திறக்கும், லிஸ்ட்ட அனுப்பி வைங்க"ன்னு அதுவே பதில் சொல்லும். குயிக் ரிப்ளைன்னு ஒண்ணு, ஒரு / போட்டா நீங்க எழுதி வச்ச பதில்லாம் வரிசையா வரும், கேக்கறவங்களுக்கு எல்லாம் ஒரே கணக்கு விவரத்த தட்டி விடலாம். எனக்குப் புடிச்சது லேபிள். ஒவ்வொரு சாட்டுக்கும் ஒரு சீட்டு ஒட்டற மாதிரி "பாக்கி", "டெலிவரி போகணும்", "பணம் வந்துச்சு"ன்னு கலர் கலரா போட்டுக்கலாம், மாசக் கடைசில "பாக்கி"ய தட்டினா அத்தன பேரும் ஒரே எடத்துல நிப்பாங்க. ஒரே நம்பர சாதா வாட்ஸ்அப்லயும் பிசினஸ்லயும் ஒண்ணா வச்சுக்க முடியாது, உங்க போன்ல ரெண்டு சிம் போடலாம்ல, கடைக்குன்னு ரெண்டாவது நம்பர எடுத்து பிசினஸ அதுல போடுங்க, வீட்டு நம்பர் வீட்டுக்கு இருக்கட்டும். புது சரக்கு வந்துச்சுன்னு எல்லாருக்கும் சொல்லணும்னா குரூப் போட்டு ஜனங்கள கொல்லாதீங்க, பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க, தனித்தனியா போகும். ஆனா உங்க நம்பர அவங்க சேவ் பண்ணி வச்சிருந்தாத்தான் அது போயிச் சேரும், "நம்பர சேவ் பண்ணிக்கங்க"ன்னு பில்லு குடுக்கும்போதே சொல்லிருங்க.

பணம். ஜிபே பழகிட்டீங்க, அதனால எப்படி அனுப்பறதுன்னு சொல்ல வேண்டாம், வாங்கறதப் பத்தி மட்டும் சொல்றேன். கஸ்டமர் போன்ல பச்சை டிக்க காட்டினா பணம் வந்ததா அர்த்தம் இல்ல, அந்த மாதிரி ஸ்கிரீன் காட்டறதுக்குன்னே போலி ஆப் வச்சிருக்கான். உங்க சவுண்ட் பாக்ஸ் சொல்லணும், இல்ல உங்க போன்ல வரவு காட்டணும். காலைல கடை திறந்ததும் உங்க கியூஆர் ஸ்டிக்கர நீங்களே ஒரு வாட்டி ஸ்கேன் பண்ணிப் பாருங்க, உங்க பேரு வருதான்னு. ராத்திரியோட ராத்திரியா அதுக்கு மேல வேற ஸ்டிக்கர ஒட்டிட்டுப் போற கூட்டம் இருக்கு, நாள் பூரா வியாபாரம் அவன் கணக்குக்குப் போயிரும். பணம் வாங்கறதுக்கு யூபிஐ பின் எப்பவும் தேவையில்ல, "பணம் வர்றதுக்கு பின் போடுங்க"ன்னு யாரு சொன்னாலும் அவன் திருடன். சலான் வந்திருக்கு, கல்யாணப் பத்திரிகை, பேங்க் கேஒய்சின்னு வாட்ஸ்அப்ல ஏபிகே ஃபைல், அதாவது தட்டினா போன்ல ஆப்ப ஏத்தற ஃபைல், வந்தா, தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்தே வந்தாலும் தட்டாதீங்க, அவங்க போனே போயிருக்கலாம். பணம் போயிருச்சுன்னா அழுதுக்கிட்டு நிக்காம ஒடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு போன் போடணும், எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்த நடுவுல நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. டீ, பஸ்ஸு மாதிரி சில்லறை செலவுக்கு ஜிபேக்குள்ளயே சின்ன பர்ஸ் மாதிரி இருக்கற யூபிஐ லைட்ட ஆன் பண்ணிக்கங்க, 1,000 ரூபா வரைக்கும் ஒரு தடவைக்கு பின் இல்லாம போகும், மொத்தமா 5,000க்கு மேல அதுல வைக்க முடியாது, பாஸ்புக்கும் பத்து ரூபா பத்து ரூபாயா நிறையாது.

லைசென்ஸ், ஆர்சி புக்க டிஜிலாக்கர்ல எறக்கி வச்சுக்கங்க. 2015ல சென்ட்ரல் கவர்மெண்ட் கொண்டு வந்தது, அதுல இருந்து காட்டற லைசென்ஸ போலீஸ்காரர் ஒரிஜினல் மாதிரியே ஏத்துக்கணும்னு 2018லயே சொல்லிட்டாங்க. கேலரில இருக்கற லைசென்ஸ் போட்டோவ காட்டிட்டு "டிஜிட்டல்தான சார்"னு சண்ட போடக்கூடாது, அது வெறும் படம், செல்லாது.

தேதி ஞாபகம் வைக்கற வேலைய காலண்டருக்கு குடுத்துருங்க. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் புதுப்பிக்கறது, வண்டி இன்சூரன்ஸ், நகைக்கடன் தவணை. ஒவ்வொண்ணுக்கும் ரிப்பீட் வருஷம்னு போட்டு, நோட்டிபிகேஷன ரெண்டு வாரம் முன்னாடி வர்ற மாதிரி வைங்க. அன்னிக்கு காலைல சொல்லி என்ன பிரயோஜனம், ஆபீஸ்ல கூட்டம்.

வீட்ல காது கேக்காத பெரியவங்க இருந்தா லைவ் டிரான்ஸ்கிரைப்னு ஒண்ணு கூகுள் 2019ல விட்டுச்சு, தமிழும் உண்டு. எதிர்ல பேசறத ஸ்கிரீன்ல பெருசு பெருசா எழுத்தா ஓட விடும். சில போன்ல ஆக்சஸபிலிட்டிக்குள்ளயே இருக்கு, இல்லாட்டி பிளே ஸ்டோர்ல கெடைக்கும், காசு இல்ல. பெத்த தாய்கிட்ட கத்திக் கத்திப் பேசி, அவங்க பாதி புரியாம தலைய ஆட்டி, நாம எரிஞ்சு விழுந்து, அப்படி எத்தன வீடு. போன டேபிள் மேல வச்சுட்டு சாதாரணமா பேசுங்க, அவங்க படிச்சுக்கிட்டே பதில் சொல்வாங்க. பேன் சத்தத்துலயும் நாலு பேரு ஒண்ணா பேசும்போதும் தடுமாறும், ஒருத்தர் ஒருத்தரா பேசணும். நீங்க ஆப் கேட்டீங்கல்ல அண்ணே, ஒரு வீட்டுக்கு ஒரு ஆப்தான் போட முடியும்னா நான் இதத்தான் போடச் சொல்வேன்.

சத்தம் போடறத அடக்கறதும் உபயோகம்தான். தேவையில்லாத நோட்டிபிகேஷன் வந்தா தள்ளி விடாதீங்க, அது மேலயே அமுக்கிப் புடிங்க, அந்த ஆப்போட நோட்டிபிகேஷன மொத்தமா ஆஃப் பண்ற சுவிட்ச் அங்கயே வரும். வர வர போன் தானா அமைதியாயிரும். லோன் வேணுமா பிளாட் வேணுமான்னு கூப்புடறவனுக்கு START 0ங்கற மெசேஜ, அதாவது ஸ்டார்ட்னு இங்கிலீஷ்ல அடிச்சு, எடம் விட்டு சைபர் போட்டு 1909க்கு அனுப்புங்க, முழுசா நிக்காது, ஆனா நல்லா கொறையும். ராத்திரி டூ நாட் டிஸ்டர்ப் போடுங்க, போட்டுட்டா அவசரத்துக்கு வீட்ல இருந்து வந்தாலும் தெரியாதேன்னு பயப்பட வேண்டாம், காண்டாக்ட்ல சம்சாரம், பிள்ளைங்க, அண்ணன் தம்பிக்கு ஸ்டார் போட்டு வச்சு அவங்க கால் மட்டும் அடிக்கட்டும்னு வைக்கலாம்.

சின்னப் புள்ள கையில போன குடுக்கறீங்க, அது வீடியோவ விட்டுட்டு யாருக்கோ வீடியோ கால் போட்டுடுது, அதான தலைவலி? செட்டிங்ஸ்ல ஆப் பின்னிங்னு தேடி ஆன் பண்ணுங்க, வெளிய வர லாக் கேக்கற ஆப்ஷனையும் ஆன் பண்ணுங்க, அப்புறம் அந்த ஆப்ப பின் பண்ணிட்டுக் குடுத்தா, அத விட்டு வெளிய வரணும்னா உங்க பின் நம்பரோ பேட்டர்னோ கேக்கும். இந்த மாதிரி நான் சொல்ற எதுவும் சொன்ன எடத்துல இல்லாட்டி பயப்படாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி எடத்த மாத்தி வைப்பான், செட்டிங்ஸ் மேல ஒரு தேடற பெட்டி இருக்கு, அதுல பேர அடிச்சா கூட்டிட்டுப் போயிரும்.

லாக் ஸ்கிரீன்ல ஒரு வரி எழுதி வைக்கலாம், எழுதுங்க, "இந்த போன் கெடைச்சா இந்த நம்பருக்கு கூப்புடுங்க"ன்னு. அங்க உங்க நம்பரையே போட்டு வைக்கறாங்க சில பேரு, போன் தொலைஞ்சா அந்த நம்பர் அடிக்கறது தொலைஞ்ச போன்லதான், அதனால பையன் நம்பரையோ வீட்டம்மா நம்பரையோ போடுங்க. எமர்ஜென்சி இன்பர்மேஷன்னு ஒரு எடம் இருக்கு, சுகர் மாத்திரை, பிபி மாத்திரை, ரத்த வகை, யாரக் கூப்புடணும்னு போட்டு வச்சா லாக் தொறக்காமயே அடுத்தவங்க பாக்கலாம், ரோட்ல மயங்கி விழுந்தவர் போன் லாக்ல இருந்தா யாரக் கூப்புடறதுன்னு கூடி நிக்கறவங்களுக்கு எப்படித் தெரியும். ஆண்ட்ராய்டு 12க்கு மேல உள்ள போன் பலதுல பவர் பட்டன வேகமா அஞ்சு தடவ அமுக்கினா எமர்ஜென்சி கால் போற மாதிரி வைக்கலாம், ஆன் பண்ணும்போது 112க்குப் போகணுமான்னு கேக்கும். தெரியாம சட்டைப்பைல அமுங்கி போகாம இருக்கணும்னா உடனே போடாம கவுண்ட்டவுன் ஓடற மாதிரி வச்சுக்கங்க.

கடைசியா சொன்னாலும் இன்னிக்கே செய்ய வேண்டியது ஒண்ணு. உங்க போன்ல இருக்கற ஜிமெயில் ஐடி என்ன, பாஸ்வேர்டு என்ன? பையன் செட் பண்ணினதா, கடைக்காரன் அவசரத்துக்கு ஏதோ ஒண்ண உருவாக்கிக் குடுத்ததா? எங்க தொழில்ல இது தெனப்படி கூத்து. போன் வாங்கறப்ப கடைல நிக்கற பையன் ஒரு ஐடிய போட்டு, வாயில வந்த பாஸ்வேர்ட வச்சு, கையில குடுத்துருவான், வாங்கறவருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சு பேட்டர்ன் மறந்து ரீசெட் அடிச்சா, முன்னாடி போட்டிருந்த ஜிமெயில் பாஸ்வேர்ட குடுன்னு போன் நின்னுக்கும். திருட்டு போன யாரும் பயன்படுத்தக்கூடாதுன்னு ஆண்ட்ராய்டு 5.1ல இருந்து, அதாவது 2015ல இருந்து வச்ச பூட்டு அது, நல்ல பூட்டுதான், சொந்தக்காரரையே வெளிய நிறுத்திரும். அதோட அதுவரைக்கும் சேத்த காண்டாக்ட், போட்டோ எல்லாம் அந்த ஐடிக்குள்ள மாட்டிக்கும்.

அதனால செட்டிங்ஸ்ல கூகுள்னு இருக்கற எடத்துக்குப் போங்க, என்ன ஐடின்னு பாருங்க, பாஸ்வேர்ட உங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணா மாத்துங்க, ரெகவரி நம்பர்னு கேக்கற எடத்துல பையன் நம்பரப் போடுங்க. பாஸ்வேர்ட ஒரு நோட்ல எழுதி வீட்டு பீரோல வைங்க, எழுதவே கூடாதுன்னு சொல்றவங்க சொல்லட்டும், பீரோவ ஒடைச்சு வர்ற திருடனுக்கு ஜிமெயில் பாஸ்வேர்டு மேல ஆசை இருக்காது. காண்டாக்ட் எல்லாம் சிம்லயா, போன்லயா, கூகுள்லயா எங்க சேவ் ஆகுதுன்னு பாத்து கூகுளுக்கு மாத்துங்க, அப்புறம் போன் தண்ணில விழுந்தாலும் புது போன்ல ஐடிய போட்டதும் அத்தன நம்பரும் வந்து எறங்கும்.

அதே நோட்ல இன்னொரு நம்பரும் எழுதிக்கங்க. டயல் பேட்ல *#06# அடிச்சா ஐஎம்இஐ நம்பர், அதாவது உங்க போனோட தனி அடையாள நம்பர் வரும், ரெண்டு சிம் போன்னா ரெண்டு நம்பர். போன் திருட்டு போச்சுன்னா மொதல்ல பையன் போன்ல உங்க ஐடிய போட்டு ஃபைண்ட் ஹப்ல, முன்னாடி ஃபைண்ட் மை டிவைஸ்னு இருந்தது, எங்க இருக்குன்னு பாருங்க, லாக் போடுங்க. அப்புறம் போலீஸ்ல புகார் குடுத்து, அந்தக் காப்பியோட சஞ்சார் சாத்திங்கற கவர்மெண்ட் சைட்ல ஐஎம்இஐய பதிஞ்சா, இந்தியாவுல எந்த சிம்ம போட்டாலும் அந்த போன் நெட்வொர்க்ல வேலை செய்யாத மாதிரி தடுத்துருவாங்க, போன் திரும்பக் கெடைச்சா அங்கயே தடைய எடுத்துக்கலாம். ஐஎம்இஐ தெரியலன்னா போன் வாங்கின பில்லுல இருக்கும், பில்லும் காணோம்னா டப்பா மேல ஸ்டிக்கர்ல இருக்கும், டப்பாவ தூக்கிப் போட்டுறாதீங்க. அதே சைட்ல உங்க பேர்ல எத்தன சிம் ஓடுதுன்னும் காட்டும், உங்களுக்குத் தெரியாத நம்பர் ஏதாவது இருந்தா என்னுது இல்லன்னு அங்கயே ரிப்போர்ட் பண்ணிருங்க.